வீட்டுக் கடனும் இணையக் கணிப்பானும்

பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, நான்கைந்து ஆண்டுகள் ஓடியதும் நம்மில் பலர் சந்திக்கும் முதல் பெரிய கணக்கு வீட்டுக் கடன். கார் வாங்கினால் ஒன்பது ஆண்டுகளில் கடன் முடிந்துவிடும். வீட்டுக்கோ முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள். 27 வயதில் கையெழுத்திடும் ஒருவர் 35 ஆண்டுக் கடன் எடுத்தால், அதிலிருந்து விடுபடும்போது அவருக்கு வயது 62. நம்மில் பெரும்பாலோர் 60 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறோம். அப்படியானால் சம்பளம் நின்ற பிறகும் இரண்டு ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

நம் குடும்பங்களில் இது ஒருவருடைய கணக்காக மட்டும் இருப்பதில்லை. தோட்டத்து வீட்டிலோ வாடகை வீட்டிலோ காலம் கழித்த பெற்றோர், பட்டதாரியான பிள்ளையின் பெயரில் வாங்கும் வீட்டில்தான் முதன்முதலாகச் 'சொந்த வீடு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வீட்டைத் தாங்கி நிற்பது மாதந்தோறும் கட்டும் தவணை. ஆகவே, அந்தத் தவணை எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதை எப்படி விரைவில் முடிப்பது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

வீடு வாங்க எண்ணும் இளைய நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, மாதம் எவ்வளவு வரும்?" இதற்கு விடை சொல்ல நான் தேவையில்லை. வங்கிகளின் இணையத்தளங்களிலும் வீடு விற்பனைத் தளங்களிலும் கடன் கணிப்பான்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடன் தொகை, வட்டி விகிதம், கால அளவு ஆகிய மூன்று எண்களைக் கொடுத்தால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். ஆனால், அந்த விடையோடு கணினியை மூடிவிடுகிறவர்கள் கணிப்பானின் பாதிப் பயனைக்கூட அடைவதில்லை என்பது என் கருத்து. மீதிப் பயனை எப்படிப் பெறுவது, கணிப்பான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

கணிப்பான் செய்வது என்ன?

எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கடன் 300,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, காலம் 35 ஆண்டுகள், அதாவது 420 மாதங்கள். இந்த 35 ஆண்டு என்பதே உச்ச வரம்பு. 2013 ஜூலையில் பேங்க் நெகாரா வீட்டுக் கடனுக்கு இந்த வரம்பை விதித்தது.

இந்த மூன்று எண்களையும் கொடுத்தால் கணிப்பான் காட்டும் மாதத் தவணை 1,328 வெள்ளி 32 சென். இந்த எண் எப்படி வருகிறது? வட்டி எப்போதும் மீதமுள்ள கடனுக்கே கணக்கிடப்படுகிறது. முதல் மாதத்தில் 300,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி சரியாக 1,000 வெள்ளி. நாம் கட்டும் 1,328 வெள்ளியில் இந்த 1,000 வெள்ளி வட்டிக்குப் போய்விடுகிறது. மீதமுள்ள 328 வெள்ளி 32 சென் மட்டுமே அசலைக் குறைக்கிறது. இரண்டாம் மாதம் நிலுவை சற்றுக் குறைந்திருப்பதால் வட்டி 998 வெள்ளி 91 சென். அசலுக்கு 329 வெள்ளி 41 சென். இப்படி மாதம் ஒரு வெள்ளி என்ற கணக்கில் வட்டி இறங்க, அசலின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. 420ஆவது மாதத்தில் நிலுவை சுழியமாக வேண்டுமானால் தவணை எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் கணிப்பான் கண்டுபிடித்துச் சொல்கிறது.

இதை நாமே எக்செல் மென்பொருளில் செய்து பார்க்கலாம். தொடக்க நிலுவை, அம்மாத வட்டி, அசலுக்குப் போனது, இறுதி நிலுவை என நான்கு நிரல்கள் போதும். ஒரு வரிசை ஒரு மாதம். முதல் வரிசையை எழுதிவிட்டு 420 வரிசை வரை இழுத்துவிட்டால் கடனின் வாழ்க்கை வரலாறே கண்முன் விரியும். கணிப்பான் ஓர் எண்ணைத் தருகிறது. இந்த அட்டவணையோ அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பதைக் காட்டுகிறது. ஒருமுறையேனும் இதைச் செய்து பார்க்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டவணையில் நான் முதலில் தேடுவது ஐந்தாம் ஆண்டின் இறுதி வரிசையை. அதுவரை நாம் கட்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 79,700 வெள்ளி. கடனில் குறைந்ததோ 21,770 வெள்ளி மட்டுமே. மற்ற 57,930 வெள்ளியும் வட்டியாகப் போயிருக்கும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் நிலுவை 278,000 வெள்ளிக்கு மேல் நிற்கும். ஒரு தவணையில் வட்டியைவிட அசலின் பங்கு அதிகமாவது 18ஆம் ஆண்டில்தான். இதில் வங்கியின் சூழ்ச்சி எதுவும் இல்லை. நிலுவை பெரிதாக இருக்கும்போது வட்டியும் பெரிதாக இருக்கும், அவ்வளவே. ஆனால், கடனைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர் எந்தக் காலத்தில் முயல வேண்டும் என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது.

தவணையா, மொத்த வட்டியா?

இப்போது கால அளவை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 35 ஆண்டுகளுக்குப் பதிலாக 30 ஆண்டுகள் என்று கொடுத்தால் தவணை 1,432 வெள்ளியாகிறது. மாதம் 104 வெள்ளி கூடுதல். 'அம்மாடி, நூறு வெள்ளி அதிகமா?' என்று உடனே 35 ஆண்டுக்குத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

ஆனால், மொத்த வட்டியைப் பாருங்கள். சில கணிப்பான்கள் இதைக் காட்டுவதில்லை, நாமே கண்டுபிடிக்கலாம். தவணையை மாதங்களால் பெருக்கி, கடன் தொகையைக் கழித்தால் போதும். 35 ஆண்டுகளில் நாம் கட்டும் மொத்த வட்டி 257,896 வெள்ளி. 30 ஆண்டுகளில் அது 215,609 வெள்ளி. வேறுபாடு 42,000 வெள்ளிக்கும் மேல். மாதத் தவணை நம் இன்றைய சம்பளம் தாங்குமா என்பதைச் சொல்கிறது. வீட்டுக்கு நாம் உண்மையில் கொடுக்கும் விலையைச் சொல்வது மொத்த வட்டி. இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லாரும் 30 ஆண்டுக் கடனையே எடுக்க வேண்டுமா? அப்படி நான் சொல்லமாட்டேன். 30 ஆண்டுக் கடனில் அந்த 104 வெள்ளி கட்டாயம். வேலை போனாலும், வீட்டில் நோய் வந்தாலும் கட்டியாக வேண்டும். 35 ஆண்டுக் கடன் எடுத்து, அதே 104 வெள்ளியை நாமாகவே மாதந்தோறும் கூடுதலாகக் கட்டி வந்தால், கடன் அதே 30 ஆண்டுகளில் முடியும். வட்டியும் அதே அளவுதான். நெருக்கடியான மாதத்தில் மட்டும் கூடுதல் தொகையை நிறுத்திக்கொள்ளலாம். இது மனக்கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வழி. மிச்சமாகும் 104 வெள்ளி மாதக் கடைசியில் எங்கே போனது என்று தெரியாதவர்களுக்கு 30 ஆண்டுக் கடனே நல்லது. நாம் எந்த வகை என்பதை எந்தக் கணிப்பானும் சொல்லாது.

கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்?

சில கணிப்பான்களில் 'கூடுதல் மாதக் கட்டணம்' என்று நான்காவதாக ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை கணிப்பானிலேயே முக்கியமான கட்டம் அதுதான்.

அதே 300,000 வெள்ளிக் கடனுக்கு அந்தக் கட்டத்தில் வெவ்வேறு எண்களை இட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

கூடுதல் எதுவும் இல்லை: 35 ஆண்டுகள், மொத்த வட்டி 257,900 வெள்ளி.

முதல் மாதம் முதல் 100 வெள்ளி கூடுதல்: 30 ஆண்டு 2 மாதம், வட்டி 216,900 வெள்ளி, மிச்சம் 41,000 வெள்ளி.

முதல் மாதம் முதல் 200 வெள்ளி கூடுதல்: 26 ஆண்டு 8 மாதம், வட்டி 187,800 வெள்ளி, மிச்சம் 70,000 வெள்ளி.

பத்து ஆண்டுகள் கழித்து 200 வெள்ளி கூடுதல்: மொத்தம் 30 ஆண்டுகள், வட்டி 225,000 வெள்ளி, மிச்சம் 33,000 வெள்ளி.

27 வயதில் கடன் எடுத்தவர் தொடக்கத்திலிருந்தே மாதம் 200 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் 54 வயதை எட்டும் முன்பே வீடு முழுமையாக அவருடையதாகிவிடும். ஓய்வு பெறுவதற்கு முன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தவணையில்லாச் சம்பளம் கைக்கு வரும். அதே 200 வெள்ளியைப் பத்து ஆண்டுகள் தள்ளித் தொடங்கினால் மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? முதல் மாதத்தில் கூடுதலாகக் கட்டும் 100 வெள்ளியை மட்டும் தனியாகப் பின்தொடர்வோம். அது அடுத்த மாத வட்டியில் 33 சென்னைக் குறைக்கிறது. தவணை மாறாததால் அந்த 33 சென்னும் அசலைக் குறைக்கப் போகிறது. அதற்கடுத்த மாதம் வட்டி இன்னும் சற்றுக் குறைகிறது. இப்படிப் பெருகிப் பெருகி, 35ஆம் ஆண்டின் இறுதியில் அந்த 100 வெள்ளி 403 வெள்ளித் தவணையை நமக்கு மிச்சப்படுத்தியிருக்கும். அதே 100 வெள்ளியை 30ஆம் ஆண்டின் இறுதியில் கட்டினால் மிச்சமாவது 122 வெள்ளி மட்டுமே. கூட்டு வட்டி நமக்கு எதிராக வேலை செய்வதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அது நமக்காக வேலை செய்கிறது.

போனஸ் பணமும் அப்படித்தான். முதல் ஆண்டு முடிவில் 10,000 வெள்ளியை ஒரே தடவையாக அசலில் கட்டினால் 28 மாதங்கள் குறையும். வட்டியில் 27,000 வெள்ளி மிச்சம். 15ஆம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 11,600 வெள்ளி.

சிறிய தொகையால் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் நமக்கு வரக்கூடாது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பங்குப் பணத்தைக் கொண்டே துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்கியது. நம் முன்னோர் குறைந்த கூலியிலும் செய்து காட்டியதை, பட்டதாரிகளான நாம் மாதம் 100 வெள்ளியில் செய்ய முடியாதா?

கணிப்பானுக்குத் தெரியாதவை

இதுவரை சொன்ன எண்கள் யாவும் சில ஊகங்களின் மேல் நிற்பவை. அவற்றை அறியாமல் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலாவது, வட்டி விகிதம். 35 ஆண்டுகளும் 4 விழுக்காடு மாறாது என்று கணிப்பான் எடுத்துக்கொள்கிறது. அரசு ஊழியர்கள் எல்பிபிஎஸ்ஏ வழியாகப் பெறும் கடனுக்கு அது பொருந்தும். அங்கே வட்டி நிலையானது. வங்கிக் கடன்களோ பெரும்பாலும் மாறும் வட்டியில் அமைந்தவை. முன்பு பிஎல்ஆர் என்ற அடிப்படை விகிதம் இருந்தது. 2015 ஜனவரியில் அதன் இடத்துக்குப் பிஆர் வந்தது. 2022 ஆகஸ்டு முதல் புதிய கடன்களுக்கு எஸ்பிஆர் எனப்படும் ஒரே சீரான அடிப்படை விகிதம் நடப்பிலுள்ளது. இது பேங்க் நெகாராவின் ஓபிஆர் விகிதத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டது. ஓபிஆர் ஏறினால் நம் கடன் வட்டியும் அதே அளவு ஏறும், இறங்கினால் இறங்கும்.

அது எவ்வளவு அசையும்? 2020 ஜூலையில் ஓபிஆர் 1.75 விழுக்காடாக இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 மே மாதம் 3 விழுக்காட்டை எட்டியது. 2025 ஜூலையில் 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஓபிஆருக்கு மேல் 1.25 விழுக்காடு வாங்கும் கடன் என்று வைத்துக்கொண்டால், நம் எடுத்துக்காட்டுக் கடனின் தவணை 3 விழுக்காட்டில் 1,155 வெள்ளி, 4.25 விழுக்காட்டில் 1,374 வெள்ளி. மூன்றே ஆண்டு இடைவெளியில் மாதம் 219 வெள்ளி வேறுபாடு! ஆகவே, வங்கி சொல்லும் வட்டியோடு 1 விழுக்காட்டைக் கூட்டி இன்னொரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். 5 விழுக்காட்டில் தவணை 1,514 வெள்ளி. அதையும் நம் சம்பளம் தாங்கும் என்றால் துணிந்து இறங்கலாம். தாங்காது என்றால் விலை குறைந்த வீட்டைத் தேடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, கட்டுமானத்தில் இருக்கும் வீடு. மேம்பாட்டாளரிடமிருந்து புது வீடு வாங்கும்போது வங்கி முழுக் கடனையும் உடனே கொடுப்பதில்லை. கட்டட வேலை நிறைவேற நிறைவேறப் பகுதி பகுதியாகக் கொடுக்கிறது. அதுவரை நாம் கட்டுவது, கொடுக்கப்பட்ட தொகைக்கான வட்டி மட்டுமே. அசல் ஒரு சென்னும் குறையாது. வழக்கமான விற்பனை ஒப்பந்தங்களில் தரைவீட்டுக்கு 24 மாதமும் அடுக்குமாடி வீட்டுக்கு 36 மாதமும் கட்டி முடிக்கும் காலமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கால வட்டி பெரும்பாலான கணிப்பான்களில் வராது. அதே வேளையில் வாடகையும் கட்டிக்கொண்டிருப்பவர் இதைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது, கடனோடு ஒட்டிக்கொள்ளும் காப்புறுதி. எம்ஆர்டிஏ எனப்படும் கடன் காப்புறுதியின் கட்டணத்தைச் சிலர் கையிலிருந்து கட்டாமல் கடனோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அப்போது கடன் தொகையே உயர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டணத்துக்கும் 35 ஆண்டு வட்டி கட்டுகிறோம். கணிப்பானில் வீட்டுக் கடனை மட்டும் இட்டவரின் தவணையும் வங்கிக் கடிதத்தில் உள்ள தவணையும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கி முகப்பில் கேட்க வேண்டிய கேள்வி

நான்காவது ஊகம் எல்லாவற்றிலும் முக்கியமானது. கூடுதலாகக் கட்டும் பணம் அன்றே அசலில் கழிக்கப்படும் என்று கணிப்பான் கருதுகிறது. எல்லாக் கடன்களிலும் அப்படி நடப்பதில்லை.

நான் முதன்முதலாகக் கூடுதல் தொகை கட்ட வங்கிக்குச் சென்றபோது, முகப்பில் இருந்த ஊழியர் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் உள்ளது. "இது அடுத்த மாதத் தவணைக்கா, அசலைக் குறைக்கவா?" என்றார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். முன்பணமாக எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் வரவிருக்கும் தவணைக்காக ஒதுங்கி நிற்குமே தவிர, வட்டி குறையாது என்றும், அசலைக் குறைக்க வேண்டுமானால் அதற்கென ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றும் விளக்கினார். அந்த ஒரு கேள்வியில்தான் 70,000 வெள்ளி மிச்சமும் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டு வங்கிகளின் வீட்டுக் கடன்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சாதாரணத் தவணைக் கடன். இதில் நாம் சொல்லாவிட்டால் கூடுதல் பணம் முன்பணமாகவே கருதப்படலாம். அசலில் கழித்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. இரண்டாவது வகை, பாதி நெகிழ்வுக் கடன். கூடுதல் பணம் வட்டியைக் குறைக்கும். தேவைப்பட்டால் விண்ணப்பித்து, சிறு கட்டணம் செலுத்தித் திரும்பப் பெறலாம். மூன்றாவது வகை, முழு நெகிழ்வுக் கடன். கடன் கணக்கோடு ஒரு நடப்புக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அந்த அளவுக்கு அன்றைய வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மாதந்தோறும் ஒரு கட்டணம் உண்டு. மாதம் 10 வெள்ளி என்றால் 35 ஆண்டுகளில் 4,200 வெள்ளி. கணக்கில் எப்போதும் சில ஆயிரம் வெள்ளி வைத்திருப்பவருக்கே இது பயன்படும்.

இஸ்லாமிய முறையில் வீட்டு நிதி பெறுபவர்கள் ஒப்பந்தத்தில் மிகப் பெரிய விற்பனை விலை ஒன்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே கடனை அடைக்கும்போது இன்னும் ஈட்டப்படாத இலாபத்தை 'இப்ரா' எனும் கழிவாக வங்கி விட்டுக்கொடுக்கிறது. ஆயினும், பகுதித் தொகை கட்டினால் என்ன நடக்கும் என்பதை அங்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கூடுதலாகக் கட்டினால் அது உடனே அசலில் கழியுமா? அதற்குக் கடிதமோ படிவமோ தேவையா? கட்டியதைத் திரும்ப எடுக்க முடியுமா? முதல் சில ஆண்டுகளுக்குள் கடனை முழுவதும் அடைத்தால் அபராதம் உண்டா? மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் முழுக் கடனையும் அடைத்தாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ 2 அல்லது 3 விழுக்காடு அபராதம் விதிப்பது பரவலான வழக்கம். பதில்களை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

எல்லாரும் கூடுதலாகக் கட்ட வேண்டுமா?

கடனைச் சீக்கிரம் அடைப்பது நல்லது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மனநிம்மதிக்கு விலை இல்லை. இருப்பினும், கணக்கு வேறொன்றைச் சொல்லும் இடங்களும் உண்டு.

கடன் அட்டையில் பாக்கி வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் அடைக்க வேண்டும். அதன் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. 4 விழுக்காட்டுக் கடனில் 200 வெள்ளியைக் கூடுதலாகக் கட்டிவிட்டு 18 விழுக்காட்டுக் கடனை வளர விடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். மறுபுறம், பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கான கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான். அதன் தவணையை ஒரு மாதமும் தவறவிடக்கூடாது. ஆனால், கையில் மிஞ்சும் பணத்துக்கு வீட்டுக் கடனே பொருத்தமான இடம்.

அடுத்து, ஊழியர் சேமநிதி. 2024 மே மாதம் முதல் 'சிஜாத்ரா' எனப்படும் முன்னாள் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்க வழியுண்டு. பலர் இதை ஆண்டுதோறும் செய்கிறார்கள். சேமநிதியின் வழக்கமான சேமிப்புக்குக் கிடைத்த இலாப ஈவு 2022இல் 5.35 விழுக்காடு, 2023இல் 5.50 விழுக்காடு, 2024இல் 6.30 விழுக்காடு. 4 விழுக்காட்டுக் கடனை அடைக்க 5.5 விழுக்காடு ஈட்டும் பணத்தை எடுப்பது கணக்குப்படி இலாபமில்லை. இலாப ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதும், கடன் வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டினால் முடிவும் மாறும் என்பதும் உண்மையே. எனினும், தவணை கட்டத் தடுமாறாதவர் சேமநிதியை அப்படியே விட்டுவிட்டு, கைச்சம்பளத்தில் மிஞ்சுவதைக் கடனில் கட்டுவதே மேல் என்பேன்.

கடைசியாக, அவசரச் செலவுக்கான பணம். குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான தொகையாவது கையில் இருந்த பிறகே கூடுதலாகக் கட்டத் தொடங்க வேண்டும். சாதாரணத் தவணைக் கடனில் போட்ட பணம் திரும்பி வராது. வேலையிழந்தவரிடம், "போன ஆண்டுதான் 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்டினீர்களே" என்று சொல்லி எந்த வங்கியும் தவணையைத் தள்ளி வைக்காது. ஏற்கெனவே தவணைகளில் திணறுபவர்கள் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். 2006இல் பேங்க் நெகாராவால் அமைக்கப்பட்ட இந்நிறுவனத்தில் ஆலோசனை இலவசம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 35 ஆண்டுகள் கழித்து மிச்சமாகும் 403 வெள்ளி, இன்றைய 403 வெள்ளி ஆகாது. விலைவாசி ஏறும், சம்பளமும் ஏறும், இன்று கனக்கும் 1,328 வெள்ளித் தவணை இருபது ஆண்டுகளில் இலேசாகத் தெரியும். ஆகவே, 70,000 வெள்ளி மிச்சம் என்பதைக் கைக்கு வந்த பணமாக எண்ணிவிடக்கூடாது. ஆனால், 62 வயதில் முடிய வேண்டிய கடன் 54க்கு முன்பே முடிகிறது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. என் கணக்கில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த எட்டு ஆண்டுகளே.

நடைமுறைக்கு ஒரு வழி

நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. ஆண்டுக்கு ஒருமுறை வங்கியிடமிருந்து கடன் அறிக்கையைப் பெறுகிறேன். அதிலுள்ள நிலுவை, நடப்பு வட்டி, மீதமுள்ள மாதங்கள் ஆகியவற்றைக் கணிப்பானில் இடுகிறேன். கிடைக்கும் தவணையும் நான் கட்டும் தவணையும் ஏறத்தாழ ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறேன். கூடுதலாகக் கட்டியது அசலில் கழிந்திருக்கிறதா என்பதை என் எக்செல் அட்டவணையோடு ஒப்பிடுகிறேன். வட்டி நாள் கணக்கில் போடப்படுவதால் சில வெள்ளி வேறுபாடு வரலாம். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் வங்கிக்குச் சென்று கேட்பேன். ஓபிஆர் குறைந்து தவணையும் குறையும்போது, பழைய தவணையையே தொடர்ந்து கட்டி, மிஞ்சுவதை அசலைக் குறைக்கும் தொகையாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். ஏற்கெனவே பழகிய தொகை என்பதால் அது சுமையாகத் தெரிவதில்லை.

அரை மணி நேர வேலைதான். தோழர்களே, இன்னும் வீடு வாங்காதவர்கள் வாங்கும் முன்பும், வாங்கிவிட்டவர்கள் இந்த வாரமும் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். கணிப்பானில் தவணையைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் மொத்த வட்டியைப் பாருங்கள். கூடுதல் கட்டத்தில் 50 வெள்ளியாவது இட்டுப் பாருங்கள். பிறகு வங்கிக்குச் சென்று, அந்தப் பணம் அசலுக்குத்தான் போகிறதா என்று கேளுங்கள். பெற்றோரின் பெயரிலோ அண்ணன் அக்காள் பெயரிலோ கடன் இருந்தால் அவர்களுக்கும் உட்கார்ந்து கணக்கிட்டுக் காட்டுங்கள். நாம் பெற்ற கல்வி நம் வீட்டுக்குப் பயன்பட இதைவிட எளிய வழி வேறு இல்லை.